பத்து சென்டிமீட்டர்

என் பையில் ஒரு மரப்பந்து இருக்கிறது.
குறுக்களவு பத்து சென்டிமீட்டர்.
நகராட்சி கொடுத்தது, கையெழுத்து வாங்கிக்கொண்டு.
எந்தக் கிராதியின் இடைவெளியிலும்
அது நுழைந்து போகக் கூடாது.
அவ்வளவுதான் என் உத்தியோகம்.
பந்து என்றால் தலை என்று
விதிப்புத்தகத்தில் எங்குமே இல்லை.
இருந்தாலும் தாய்மார்கள்
பந்தைக் கண்டதும் பிள்ளையைத் தேடுகிறார்கள்.

திரியெஸ்தே சரிவில் தொற்றிக்கொண்டிருக்கிற ஊர்.
கீழே அட்ரியாடிக், மேலே சுண்ணாம்புக்கல் மேடு,
நடுவே மாடிமேல் மாடியாக வீடுகள்,
வீட்டுக்கு வீடு வயிறு தள்ளிய இரும்பு பால்கனி.
அந்தக் காலத்துச் சீமாட்டிகளின்
கூண்டுப் பாவாடைக்கு இடம் விட்டது என்கிறார்கள்.
பூந்தொட்டிக்கு என்கிறார்கள்.
கொல்லனுக்குத் தொப்பை இருந்திருக்கும்
என்பது என் கட்சி.

செவ்வாய்க்கிழமை. நான்காவது மாடி.
மிலோராத் யோவிசிச், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்,
கதவைத் திறக்கும்போதே சொன்னார்:
"உங்களுக்கு முன்னால் இன்னொருவர் வந்து போய்விட்டார்."
மேசைமேல் மரபுச்சின்னத் துறையின் கடிதம்:
திராட்சைக்கொடி வேலைப்பாடு, அபூர்வம்,
ஓர் இலையைக்கூட மாற்றக் கூடாது.
என் கையில் இருந்த கடிதம்:
உடனே மாற்ற வேண்டும்.
இரண்டும் ஒரே கட்டடத்தில் அச்சானவை.

அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.
கொடி தன் கம்பியைத் தானே சுற்றி ஏறி
நுனியில் சுருண்டு நின்றது,
சொல்ல வந்ததை மறந்த மாதிரி.
யாஸ்னா, மூன்று வயது,
ஒரு குலைக்கு முன்னால் மண்டியிட்டு
இரும்புத் திராட்சையை நக்கிக்கொண்டிருந்தாள்.
நாக்கெல்லாம் துரு.
ஒவ்வோர் இலையும் அவள் கால்விரலுக்கு
அளவெடுத்த படி.
அதை அளக்க எனக்குக் கருவி தரவில்லை.

உயரம் எழுபத்தெட்டு. வேண்டியது நூறு.
எழுதிக்கொண்டேன்.
உள்பக்கம் அவர் மீன்வலை கட்டியிருந்தார்,
மூன்று மூலையில் மாலுமி முடிச்சு,
நாலாவதில் ஷூ லேஸ்.
வலையை எழுதிக்கொண்டேன். லேஸை விட்டுவிட்டேன்.

நான் குனிந்திருந்த நேரத்தில்
யாஸ்னா என் பையைத் திறந்தாள்.
லேஸை இழுத்தாள்,
அவளுக்கு அவிழ்க்கத் தெரிந்த ஒரே முடிச்சு.
கொடியும் கொடியும் விலகுகிற இடத்தில்,
நான் வைத்துப் பார்க்க வேண்டிய அதே இடத்தில்,
பந்தை வைத்துப் பார்த்தாள்.

சத்தம் வர நேரமானது.
பிறகு ஒன்று.
பிறகு இன்னொன்று, தெருவில் தள்ளி.
மிலோராத் எட்டிப் பார்க்கவில்லை.
மகளின் சட்டைக் காலரைப் பிடித்த கை
பிடித்தபடியே இருந்தது,
உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்த பின்னும்.

நான் பந்தைத் தேடி ஓடினேன்.
அதற்குள் போரா இறங்கிவிட்டது.
போரா எங்கள் காற்று.
வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்கும்,
ஆள் கீழே கிடப்பான்.
முன்பெல்லாம் தெருமுனைகளில் கயிறு கட்டிவைப்பார்களாம்,
ஜனங்கள் பிடித்து நடக்க.
எனக்குக் கிடைத்தது
பல் டாக்டர் வீட்டு வேலி:
வரிசையாய் ஈட்டிமுனை, பொன்வர்ணம் பூசியது.
"சும்மா அழகுக்கு" என்றார் போன வருஷம்.
ஆபத்து, அகற்றுக என்று எழுதியவள் நான்.
அவர் அகற்றவில்லை.

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.
பக்கத்தில் தபால்காரி. அவளுக்கு அந்தப் பக்கம்
செல்லோப் பெட்டியோடு ஒரு பையன்;
பெட்டி பாயாகி அவனை இழுத்தது,
நாங்கள் பெல்ட்டைப் பிடித்தோம்.
ஓர் ஈட்டியில் யாருடைய குடையோ
செருகிக் கிழிந்து படபடத்தது.
கம்பிக்கும் கம்பிக்கும் பதினான்கு இருக்கும்.
முழங்கை வரை கோத்துக்கொள்ள
நல்ல அகலம்.

பந்து கடல்வரை போயிருக்கலாம்.
புதிதுக்கு விண்ணப்பித்தேன்.
தொலைந்த காரணம், ஒரு வரிக்குள், என்றது படிவம்.
நுழைந்தது
என்று எழுதினேன்.